நேராகத்தான் வந்தேன்

எர்னஸ்ட் பிக்கர்ஸ்கில் இருபது வருடம் கால்பந்து நடுவராக இருந்தவர். இங்கிலாந்தில் லீட்ஸ் நகர வட்டாரத்து மைதானங்களில் அவரைக் குருடன் என்று திட்டாத வாய் கிடையாது. 1976-ஆம் வருடம் பக்கவாதம் வந்து மூளையின் பின்பகுதி இருபுறமும் செத்துப்போக, ரசிகர்களின் வாக்கு பலித்தது. கண்களில் பழுதில்லை. ஆனால் பகலா இரவா என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை.

எங்கள் மருத்துவமனையில் டாக்டர் ஹெப்வொர்த் அவரைச் சோதித்தார். விளக்கைப் போட்டு அணைக்கும் மகத்தான பொறுப்பு அவருடைய உதவியாளனான என்னுடையது.

“எர்னி, விளக்கு எந்தப் பக்கம் எரியுது?”

“குருடன்கிட்ட கேக்குற கேள்வியாய்யா இது?”

“சும்மா குத்துமதிப்பாச் சொல்லுங்க.”

வேண்டாவெறுப்பாக முப்பது தடவை கைகாட்டினார். இருபத்தெட்டு சரி. அதைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. “என்னை வச்சு விளையாடுறீங்களா?”

அடுத்து, நடைவழியில் நாற்காலி, குப்பைத்தொட்டி, பெட்டி எல்லாம் போட்டுவிட்டு, வழி காலி என்று சொல்லி நடக்கவிட்டோம். மனிதர் எதிலும் இடிக்காமல் வளைந்து வளைந்து போனார். ஏன் வளைந்தீர்கள் என்றால், “நேராத்தானே வந்தேன்” என்றார்.

அரசுச் சலுகைகளுக்காக அவரைப் பார்வையற்றவராகப் பதிவு செய்யலாமா என்று விசாரிக்க வந்திருந்த அலுவலர் அந்நேரம் பார்த்துவிட்டார். அரசாங்கத்தைக் கேட்காமல் குப்பைத்தொட்டியைச் சுற்றிப்போவது சாதாரணக் குற்றமா? விண்ணப்பம் தள்ளுபடி.

மேல்முறையீட்டுக் குழுவின் முன் டாக்டர் விளக்கினார். “கண்ணு பாக்குது. மூளைக்குள்ள வேற பாதையில சேதியும் போகுது. ஆனா அது இவருக்குத் தெரிய வர்றதில்ல.”

குழுத் தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். “அப்ப பாக்குறாரா, இல்லையா?”

எர்னியின் மனைவி எட்னாவுக்குப் பொறுக்கவில்லை. “ஐயா, முப்பது வருஷமா எங்க வீட்டு எச்சில் தட்டு இவர் கண்ணுல பட்டதே இல்ல. ஆனா அதைச் சுத்திப்போக மட்டும் நல்லாத் தெரியும். அப்பல்லாம் யாரும் விசாரணை வைக்கலியே!”

குழு இரண்டு மணி நேரம் ஆழ்ந்து யோசித்தது. பார்ப்பது மூளை. விண்ணப்பித்ததோ திரு. பிக்கர்ஸ்கில். ஆகவே அவர் பார்வையற்றவரே என்று முத்திரை குத்திக் கொடுத்தது.

மறுநாள் வறுத்த மீன் வாங்க எர்னி தனியாகக் கிளம்பினார். எட்னா பத்தடி பின்னால், பதைப்போடு. நடைபாதையில் ஒரு குழந்தை வண்டி குறுக்கே நின்றது. அவர் மெல்ல ஒதுங்கி, அதைத் தாண்டிப் போனார்.

“எப்படிப்பா ஒதுங்குன?” என்றாள் ஓடிவந்து.

“எதுலருந்து?” என்றார் எர்னி. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.