கீழ்வரியில் ஒரு பெயர்

பதினோராவது ஸ்லைடை நுண்ணோக்கியின் அடியில் வைத்துத் திருகை மெல்லத் திருப்பியபோது எனக்குத் தெரிந்துவிட்டது. நான்காவதிலேயே சந்தேகம் வந்திருந்தது. மதியம் மூன்று மணி. அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில், நீளமான அந்த அறையில் நான் மட்டும் இருந்தேன். ஜன்னல் திரை உப்பி உப்பி அடங்கிக்கொண்டிருந்தது. கீழே வெள்ளை வட்டத்துக்குள், தொண்ணூறு வருடங்களுக்கு முன் கடலுக்கு அப்பால் ஒரு காய்ந்த கிளையிலிருந்து யாரோ எடுத்த இலைப்பேன் ஒன்று தேன்நிறப் பிசினில் மிதந்தபடி கிடந்தது. அரிசியின் முனை அளவுகூட இல்லாத உடம்பு. அதன் சிறகைச் சிறகென்று சொல்லவும் முடியாது. நடுவில் ஒரு குச்சி, இருபுறமும் வரிசையாக முடி, அவ்வளவுதான். முன்கால்கள் மெலிந்திருந்தன. கன்னத்தில் மூன்று முட்கள். வாலின் குழாய் நுனியில் லேசாகக் குறுகியிருந்தது.

அதை எனக்கு மிக நன்றாகத் தெரியும். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் அது புதிய இனம் என்று எழுதி அச்சிலேற்றியதே நான்தான். அதற்கு என் நாத்தனாரின் பெயரை வைத்ததும் நான்தான். ஆனால் அந்தப் பூச்சி அதற்கும் எழுபது வருடம் முன்பிருந்தே வேறொரு பெயரில் இருந்திருக்கிறது.

எங்கள் வேலையில் இது நடக்கக்கூடியதுதான். ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் விழுந்துவிட்டால் முதலில் வைத்த பெயர்தான் நிற்கும். காய்ந்த கிளைகளில் பூஞ்சைக்காளான் தின்று வாழும் இந்த வகை இலைப்பேன்களில், ஓர் ஆண் தடித்த முன்கால்களோடு பயில்வான் மாதிரி இருப்பான், கூடப் பிறந்தவன் நோஞ்சானாக இருப்பான். தனித்தனியாகப் பார்ப்பவர்களிடம் இருவரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள். தொண்ணூறு வருடங்களுக்கு முன் அதைப் பிடித்த ஆள் பயில்வானைப் பார்த்து ஒரு பெயர் வைத்துவிட்டுப் போயிருந்தார். எனக்குக் கிடைத்த ஏழும் நோஞ்சான்கள். இப்போது இந்தக் கூட்டம் முழுவதையும் மறுபடி வகை பிரித்து, எது எந்த நாட்டில் இருக்கிறது என்று புதிதாக எழுத உட்கார்ந்தபோதுதான் அவருடைய ஸ்லைடுப் பெட்டியைக் கடனாக வரவழைத்தேன். கடைசி வரிசையில், அவர் பெயரெழுதாமல் ஒதுக்கி வைத்திருந்த பதின்மூன்று ஸ்லைடுகளில், என் நோஞ்சான்கள் இருந்தார்கள். பயில்வானோடு ஒரே நாளில், ஒரே கிளையிலிருந்து வந்தவர்கள்.

எனக்குக் கல்யாணம் ஆனபோது நாத்தனாருக்குப் பத்தொன்பது வயது. தையல் கற்றுக்கொண்டிருந்தாள். விடுமுறை நாளில் காய்ந்த கிளைகளைத் தட்டி வெள்ளைத் தட்டில் பூச்சி பொறுக்கப் போகும் அண்ணியைப் பார்த்து வீட்டில் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபோது, அவள் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தாள். பூச்சியை ஸ்லைடில் படுத்தவைத்துச் சிறகை விரிக்கும் வேலையில் என் கை நடுங்கும். அவள் கை நடுங்காது. தையல் ஊசியின் முனையால் ஒரு சொட்டுப் பிசினுக்குள் அந்த முடிச்சிறகைத் தலை வாரிவிடுவதுபோல் வாரிவிடுவாள். அந்த ஏழு ஸ்லைடுகளும் அவள் செய்தவை. பெயர் வைக்கும்போது எனக்கு வேறு யாரையும் நினைக்கத் தோன்றவில்லை. அவள் பெயருக்குப் பின்னால் ஒரு லத்தீன் வாலை ஒட்டினேன். கட்டுரை அச்சாகி வந்த அன்று வீடு வீடாகப் போய், “எங்க அண்ணி என் பேர ஒரு பேனுக்கு வச்சிட்டாங்க. தலையில ஏறாத பேனு” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு இடம் வந்து தட்டிப்போனது, பிறகு அவளே வேண்டாமென்றுவிட்டாள். எங்கள் வீட்டின் முன்னறைதான் அவளுடைய தையல் கடை. அளவெடுத்துக்கொண்டே, டேப்பில் ஒன்றரை மில்லிமீட்டரை நகத்தால் காட்டி, “இவ்வளவுதான் இருப்பேன் நான்” என்று வாடிக்கைக்காரர்களிடம் சொல்வாள். ஒருமுறை எங்கள் கல்யாண நாளில் எல்லோரும் சாப்பிட்டு முடித்துப் பேசிக்கொண்டிருந்தபோது, வீடு அண்ணன் பேரில், மின்சாரக் கட்டணம் அண்ணன் பேரில், கடைவாசல் பலகையில்கூட அப்பா பேர், தன் பேர் எழுதியிருக்கிற ஒரே இடம் அந்தப் பூச்சிதான் என்று சொன்னாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் சிரித்தவர்கள் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள்.

அந்தப் பதினோராவது ஸ்லைடுக்குப் பிறகான மூன்று வாரங்களை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நான் ஒரு முடியைத் தேடினேன். என் ஏழுக்கும் அவர் பதின்மூன்றுக்கும் நடுவே ஒரே ஒரு முடி வித்தியாசம் கிடைத்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெயரைக் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்தேன். தலையில் எண்ணினேன், முதுகில் எண்ணினேன், சிறகின் ஓரத்தில் எண்ணினேன். கண்ணை மூடினாலும் வெள்ளை வட்டம் தெரிந்தது. பேருந்தில் எதிரே உட்கார்ந்திருந்தவரின் புருவ முடிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது அவர் முறைத்தார். சில மதியங்களில் நானே அந்தப் பிசினுக்குள் படுத்திருப்பதுபோலவும், மேலே எங்கிருந்தோ ஒரு பெரிய கண் என்னைப் பார்ப்பதுபோலவும் இருக்கும். பயமாக இருக்காது. வெயில் பட்ட தண்ணீருக்குள் கிடப்பதுபோல் இதமாகத்தான் இருக்கும். எங்கள் துறைத் தலைவர், உலகத்திலேயே நாலு பேர் படிக்கப்போகிற கட்டுரை, இது ஒன்றைத் தொடாமல் விட்டால் வானம் இடிந்து விழாது என்றார். நல்ல மனுஷர், எனக்காகத்தான் சொன்னார். ஆனால் அந்த நாலு பேரில் நானும் ஒருத்தி. சேமிப்புக் கிடங்கின் பின்னாலிருந்த ஒரே கிளையில் போன வருடம் நான் பிடித்த நாற்பத்து மூன்று ஆண்களையும் உயர வரிசையில் வைத்துப் பார்த்தேன். நோஞ்சானில் தொடங்கிப் பயில்வான் வரை, நடுவில் விட்டுப்போன படி ஒன்றுகூட இல்லை.

வரைபடத்தில் புள்ளி வைக்கும் வேலையும் இருந்தது. அதுவரை என் இனத்துக்கு ஒரே புள்ளி, எங்கள் ஊர். இரண்டையும் ஒன்றென்று எழுதியதும் ஐந்து நாடுகளில், ஒன்பது இடங்களில் புள்ளிகள் வந்தன. ஒரு தீவில்கூட ஒன்று. காய்ந்த மரத்தோடு கப்பலேறிப் போயிருக்கலாம், காற்றே கொண்டுபோயிருக்கலாம். யார் கண்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கடைக்குள் போய் அவளிடம் சொன்னேன். துணியில் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். பயில்வான், நோஞ்சான், பழைய பெட்டி எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை அவள் தலை நிமிரவில்லை. கோடு வளையவும் இல்லை.

“அப்ப என் பேர அழிச்சிடுவீங்க” என்றாள்.

“அழிக்கறதில்ல. ஒருதடவ அச்சுல வந்த பேர யாராலயும் அழிக்க முடியாது. பழைய பேரு மேல இருக்கும். உன் பேர அதுக்குக் கீழ, கொஞ்சம் உள்ள தள்ளி எழுதுவோம். எப்பவும் இருக்கும்.”

அவள் கத்தரிக்கோலை எடுத்துத் துணியின் ஓரத்தில் வைத்தாள்.

“இங்கயும் கீழதானா அண்ணி?”

கத்தரி துணியில் ஓடத் தொடங்கியது. நான் உள்ளே வந்துவிட்டேன்.

அதன் பிறகு பதினோரு நாள் அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சண்டை என்று சொல்ல முடியாது. தட்டு வைப்பாள், தண்ணீர் வைப்பாள். எதுவும் சொல்ல வேண்டியிருந்தால் அண்ணனிடம் சொல்லி அனுப்புவாள். இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும் என்னிடம் என் கணவர், “குடைய எடுத்துட்டுப் போகணுமாம்” என்பார், தபால்காரர் மாதிரி. டேப்பில் நகம் வைத்துக் காட்டுவதும் நின்றுபோனது. பள்ளிச் சீருடை தைக்க வந்த ஒரு பெண், உங்க பூச்சி எப்படியிருக்கு என்று கேட்டதற்கு, “நல்லா இருக்கு” என்று மட்டும் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். ஒன்பதாவது நாள் கட்டுரையை அனுப்பிவிட்டேன். அவள் மனம் ஆறட்டும் என்று காத்திருந்தால் நான் அதை அனுப்பவே மாட்டேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

பன்னிரண்டாம் நாள் மதியம், சொல்லாமல் கொள்ளாமல் அருங்காட்சியகத்துக்கு வந்துவிட்டாள். கடைக்குப் போடும் நீலச் சட்டையோடு, தோளில் நூல் ஒட்டியிருக்க, அறை வாசலில் நின்றாள். காட்டுங்க என்றாள். நான் எழுந்து நாற்காலியைக் கொடுத்தேன். நாற்பத்து மூன்று ஸ்லைடுகளையும் வரிசையாக எடுத்து வைத்தேன். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவசரமில்லை. திருகைத் திருப்பும் விரல்களில் அவள் துணியைத் தடவிப் பார்க்கும்போது வரும் பதம் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மரங்கள் அசைந்துகொண்டிருந்தன. முப்பதாவதோ முப்பத்தொன்றாவதோ பார்க்கும்போது, கண்ணை எடுக்காமல் பேசினாள்.

“ஒரே வெட்டுதான். அளவுதான் வேற.”

“ஆமா” என்றேன்.

“மேல இருக்கற பேரு யாரோடது?”

தெரியாது என்றேன். பெயர் வைத்தவர் காரணம் எழுதிவைக்கவில்லை. ஒரு பெண் என்று மட்டும் சொல்ல முடியும். எப்படி என்று கேட்டாள். பெயரின் வாலில் தெரியும், ஆணுக்கு ஒரு வால், பெண்ணுக்கு ஒரு வால், உனக்கும் அந்த அம்மாவுக்கும் ஒரே வால்தான் என்றேன்.

கடைசி ஸ்லைடையும் பார்த்து முடித்து நிமிர்ந்தாள். கண்ணைச் சுற்றி நுண்ணோக்கியின் விளிம்பு வட்டமாகப் பதிந்திருந்தது.

“யாரோ ஒருத்தரோட நாத்தனாரா இருக்கும்” என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. வெகுதூரத்தில் எதையோ பார்ப்பவள்போல் உட்கார்ந்திருந்தாள். கட்டுரையை அனுப்பிவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அப்போது அவள் என் மணிக்கட்டைத் தொட்டு நிறுத்தினாள். மற்றக் கையை அசைக்காமல் கண்ணால் காட்டினாள். நீலச் சட்டையின் கையில், தையல் கோட்டின் மேல், மஞ்சள் நிறத்தில் ஒரு துணுக்கு ஊர்ந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியாக ஏதோ பூவிலிருந்து வந்திருக்க வேண்டும். இலைப்பேன்தான், ஆனால் நாங்கள் பேசிக்கொண்டிருந்த கூட்டத்தைச் சேர்ந்ததல்ல. எந்த இனம் என்று வெறும் கண்ணால் சொல்ல முடியாது.

“இது யாரு?” என்றாள் மெதுவாக.

“தெரியல.”

அவள் கையை ஜன்னல் வெளிச்சத்துக்கு, ஒரு கிண்ணம் நீரைக் கொண்டுபோவதுபோலக் கொண்டுபோனாள். பூச்சி நின்றது. வயிற்றை முதுகுக்கு மேலே வளைத்துத் தூக்கி, பறப்பதற்கு முன்னால் அவை செய்வதுபோல, தன் சிறகின் முடிகளை ஒன்றுவிடாமல் வாரிக்கொள்ளத் தொடங்கியது. நாங்கள் இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.