அண்ணியின் போன்

நூற்று அறுபத்தெட்டு மணி நேரம் கழித்து மறுபடி முயலவும் என்று திரையில் வந்தது. ஞாயிறு காலை ஏழு பத்து. அண்ணியின் போனுக்கு அதைச் செய்த கம்பெனி போட்டிருந்த பூட்டைத் திறக்க, அதே கம்பெனியிடம் அனுமதி கேட்டிருந்தேன். அவசரப்பட்டுக் கேட்பவர்கள் மனம் மாறட்டும் என்று அவர்கள் வைத்திருக்கும் கெடு அது. ஏழு நாள். அண்ணியிடம் இருந்ததோ ஒன்பது நாள்.

அண்ணி வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிறவர். யார் வீடு, என்ன பரிசோதனை என்பதெல்லாம் அவர் வேலை செய்யும் பரிசோதனை நிலையத்தின் ஆப்பில்தான் வரும். அந்த ஆப் ஒன்பதாம் நாளான செவ்வாய் முதல் பழைய இயங்குதளம் உள்ள போன்களில் திறக்காது என்று அறிவித்துவிட்டார்கள். போன் வாங்கி ஆறு வருடம். அதன் இயங்குதளத்தைப் புதுப்பிப்பதைக் கம்பெனி நிறுத்தியே மூன்று வருடம். ஆப் இல்லையென்றால் அண்ணிக்கு வேலை இல்லை. “வேற ஆள் இருக்காங்கம்மா” என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டாராம். அண்ணன் வேலை மாறி இரண்டு மாதம்தான் ஆகிறது. புதுப் போன் என்ற பேச்சையே வீட்டில் யாரும் எடுக்கவில்லை. என் போன் அதைவிடக் கிழடு.

நான் வேதியியல் படித்தவள். தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். போனைப் பற்றித் தனியாக ஒன்றும் தெரியாது. ஆனால் செய்முறை எழுதிக் கொடுத்தால் வரிசை மாறாமல் செய்வேன். கம்பெனிகள் கைகழுவிய போன்களுக்கு யாரோ சிலர் சம்பளமில்லாமல் வேறு இயங்குதளம் செய்து இணையத்தில் வைக்கிறார்கள் என்று படித்தேன். அண்ணியின் மாடலுக்கும் ஒன்று இருந்தது. அதை ஏற்றத்தான் கம்பெனியின் பூட்டைத் திறக்க வேண்டியிருந்தது. போன மாதம்தான் புதுப்பித்திருந்தார்கள். நம்ப முடியாமல் தேதியை இரண்டு முறை பார்த்தேன்.

அண்ணிக்கு நான் செய்யவேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. அது எதற்காக என்று எங்கள் இருவரைத் தவிர வீட்டில் யாருக்கும் தெரியாது.

போனில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், தவறினால் போனே திறக்காமல் போகலாம், எல்லாம் சரியாக நடந்தாலும் உங்கள் ஆப் வேலை செய்யும் என்று உறுதி இல்லை என்று அண்ணியிடம் மூன்றையும் சொன்னேன்.

“செவ்வாய்க்கிழமை எப்படியும் சாகப்போறதுதானே? பிழைச்சா லாபம். நீ செய்” என்றார்.

அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. ஆழம் தெரியாமல் காலை விடுகிறீர்கள் என்றான். தெரிந்தவர் யாரிடமாவது கேட்டாயா என்றான். இல்லையென்று தலையாட்டினேன். “அதானே. இந்த ஊமைக்கோட்டான் யார்கிட்டப் போய்க் கேக்கும்?”

அந்த வாரம் முழுவதும் போனில் இருந்ததை அண்ணனின் லேப்டாப்புக்கு மாற்றினேன். அண்ணி எண்களைப் பெயர் போட்டு வைப்பதில்லை. நரம்பு கிடைக்காத தாத்தா. நாய் வீடு. நாலாவது மாடி, லிஃப்ட் பொய். ஊசியைப் பார்த்தால் பாடுகிறவர். ஒவ்வொன்றையும் சரிபார்க்கும்போது, அண்ணியை விட்டால் இந்தத் தாத்தாவுக்கு யார் நரம்பு தேடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஊசி குத்தியதே தெரியவில்லை என்று எல்லோரும் சொல்வார்களாம். அது ஊசியின் திறமை இல்லை, குத்தும்போது அண்ணி பேசிக்கொண்டிருக்கும் பேச்சின் திறமை.

அடுத்த ஞாயிறு, ஏழு பத்து. பதினான்கு படிகளைத் தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, போனைக் கேபிளில் மாட்டினேன். பூட்டு திறந்தது. சொன்னபடியே ஆறு வருடமும் ஒரு நொடியில் அழிந்தது. புதிய இயங்குதளத்தை ஏற்றினேன். போன் அணைந்து, எழுந்து, நடுவில் ஒரு வட்டம் சுழன்றது.

பத்து நிமிடம் சுழலும் என்று எழுதியிருந்தது. நாற்பது நிமிடம் சுழன்றது. ஒரு மணி நேரமும் ஆயிற்று. அண்ணி டீ கொண்டுவந்து வைத்தார். போனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அண்ணன் செய்தித்தாளைப் புரட்டினான். அவன் கேலி செய்யாதபோதுதான் எனக்குப் பயம்.

அந்த மாடல்காரர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருந்தது. அங்கே ஒன்றும் எழுதாமல் படித்துவிட்டு மட்டும் போகிறவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். நானும் அப்படிப் போயிருப்பேன். கேள்வியை எழுதினேன், அழித்தேன். நாலு முறை. ஐந்தாவது முறை கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினேன்.

ஆறு நிமிடத்தில் பதில் வந்தது. இயங்குதளத்தைச் செய்கிறவரே எழுதியிருந்தார். பன்னிரண்டாவது படியைச் செய்தீர்களா என்று மட்டும் கேட்டிருந்தார்.

பன்னிரண்டு: சேமிப்பிடத்தை மறுபடி முழுதாக அழிக்கவும். அதை நானேதான் தாளில் கோடு போட்டு அடித்திருந்தேன். பூட்டு திறந்தபோதே எல்லாம் அழிந்துவிட்டதே, இரண்டாவது முறை எதற்கு என்று. கழுவிய குடுவையைக்கூடக் காய்ச்சி வடித்த நீரில் இன்னொரு முறை அலசாமல் தொடாதவள் நான். ஆய்வகத்தில் யாராவது இப்படிச் செய்திருந்தால் முறைத்திருப்பேன்.

அழித்தேன். நாலு நிமிடத்தில் திரை வெள்ளையாகத் திறந்து, மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது.

நன்றி என்று எழுதினேன். போதவில்லை என்று தோன்றி, இவ்வளவு பழைய மாடலுக்கு ஏன் இன்னும் உழைக்கிறீர்கள் என்றும் கேட்டேன். தன் மாமியார் வேறு போனைத் தொடமாட்டேன் என்கிறார், அதனால் மாதாமாதம் செய்தாக வேண்டியிருக்கிறது என்று பதில் வந்தது. முகம் தெரியாத அந்த அம்மாளின் பிடிவாதத்துக்கும் மனதுக்குள் நன்றி சொன்னேன்.

அண்ணி சிம்மைப் போட்டார். ஆப்பை இறக்கினோம். எண்ணையும் கடவுச்சொல்லையும் அவரே அடித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு திங்கட்கிழமைக்கான பட்டியல் வரிசையாக விழுந்தது. ஏழு வீடுகள். முதல் வீடு நரம்பு கிடைக்காத தாத்தா.

அண்ணி என் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். “என் வேலையைக் காப்பாத்திக் கொடுத்தது உங்க தங்கச்சி. இனி அவளை ஊமைன்னு சொன்னீங்க, உங்களுக்கும் ஊசிதான்” என்றார் அண்ணனிடம்.

அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை.

“என் தங்கச்சியாச்சே! வாயைத் திறக்கமாட்டா, திறந்தா வேலையோடதான் மூடுவா. ரெண்டு வருஷம் முன்னாடி இதே போன்லதானே இவளோட லேப் வேலைக்கு இன்டர்வியூ? பதினெட்டு நிமிஷம், கதவைச் சாத்திக்கிட்டு வெளுத்துக் கட்டினா. நீ பக்கத்துல உக்காந்து வேடிக்கை பார்த்தே. உன்னை மாதிரி ஊர்க்கதை பேசியா வாங்கினா? யார் தயவும் இல்லாம வாங்கினா.”

“ஆமா” என்றார் அண்ணி. சிரித்தபடி திரையில் இருந்த கைரேகையைத் துடைத்தார். இரண்டு வருடமாக, யார் முன்னால் இந்தப் பேச்சு வந்தாலும் அவர் சொல்கிற ஆமாம் அது.

நான் அண்ணன் பக்கம் திரும்பினேன். அண்ணி வேண்டாம் என்பதுபோல என் கையை அழுத்தினார். நான் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

“அண்ணா, அன்னைக்குப் பேசினது நான் இல்ல. ஹலோன்னு கேட்டதுமே எனக்குக் குரல் போயிடுச்சு. நான் பதிலைத் தாள்ல எழுதி எழுதிக் காட்டினேன். பதினெட்டு நிமிஷமும் என் பேரைச் சொல்லிப் பேசினது அண்ணி.”