எடாம் நோட்டரியின் சாட்சி

சனிக்கிழமையானால் எடாம் ஊரில் கழுவாமல் தப்பும் பொருள் கிடையாது. நோட்டரி யோரிஸை அன்றைக்குத்தானா வரச் சொன்னோம் என்று துணிக்கடை அலைடா பிறகு தன்னையே நொந்துகொண்டாள்.

துணியில் நூலெண்ணும் பூதக்கண்ணாடி போதாமல், மிளகளவு கண்ணாடி வில்லையொன்றைத் தானே தேய்த்தவள் அவள். மழைநீர்த் தொட்டியில் எடுத்த தண்ணீரில் உயிர்கள் நீந்துவதை அதன் வழியே கண்டாள். லண்டன் அறிஞர்களுக்கு எழுதினாள். பெரிய மனிதர் ஒருவரின் சாட்சிக் கையெழுத்து இல்லாமல் இனி எழுத வேண்டாம் என்று பதில் வந்தது. இன்று நோட்டரி கையெழுத்துப் போடாவிட்டால் அவள் பொய்க்காரிதான்.

யோரிஸ் வில்லையைக் கண்ணோடு ஒட்டி, சிறு கண்ணாடிக் குழாயில் எடுத்து வைத்திருந்த தொட்டித் தண்ணீரை வெகுநேரம் பார்த்தார்.

"என் இமைமுடிதான் தெரியுது. வேற ஒண்ணையும் காணோம்."

அலைடா பார்த்தாள். தண்ணீர் பளிச்சென்று இருந்தது.

"த்ரைன்!"

வேலைக்காரி துடைப்பத்தோடு வந்தாள். "அந்த நாத்தம் புடிச்ச தண்ணியாம்மா? கொட்டிட்டு, குழாயை வெந்நில அலசி, காய்ச்சி ஆறின தண்ணி ஊத்தி வெச்சேன். தொட்டியையும் தேய்ச்சாச்சு."

யோரிஸ் கிளம்பத் தொப்பியை எடுத்தார். "நல்ல வேலைக்காரிம்மா. உங்க பிராணிங்களையும் சேத்துப் பெருக்கிட்டா."

அலைடா வாசலை மறித்து நின்றாள். அந்த உயிர்கள் வேறெங்காவதும் இருக்கும் என்ற நம்பிக்கை அசையவில்லை.

"உக்காருங்க ஐயா. வாயைத் திறங்க."

"என் வாயையா?"

இறகுக் குச்சியால் அவருடைய கடைவாய்ப் பல்லைச் சுரண்டி, அந்தச் சுத்தத் தண்ணீரில் கலந்தாள். முதலில் தான் பார்த்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு அவரிடம் நீட்டினாள்.

யோரிஸ் வில்லையைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. "இத்தனையும் எங்கேருந்து வந்துது?"

"தண்ணி காய்ச்சினது, குழாய் வெந்நில கழுவினது. உங்க குடித்தனக்காரங்கதான் ஐயா. வாடகையே தராம இருக்காங்க."

அவர் குரலைத் தாழ்த்தினார். "தொட்டித் தண்ணின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுடறேனே. ஊருக்கே நான் ஒரே நோட்டரி. என் வாய்ல இதுங்க இருக்குன்னு தெரிஞ்சா மானம் போயிடும்."

கையெழுத்துக்காக ஏங்கியவள்தான். ஆனாலும் சாட்சிக் காகிதத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"பாத்ததை எழுதுங்க. இல்லேன்னா எழுதவே வேண்டாம். பொய்யை அனுப்பறதைவிட பொய்க்காரிங்கற பேரோடயே இருந்துட்டுப் போறேன்."

யோரிஸ் காதுமடல் சிவக்கச் சன்னலைப் பார்த்தார். மறுபடி வில்லையை எடுத்துப் பார்த்தார். பெருமூச்சு விட்டு, 'என் சொந்தக் கடைவாய்ப் பல்லிலிருந்து' என்று எழுதி, முழுப் பெயரையும் போட்டு, முத்திரையும் குத்தினார்.

அலைடாவின் கண் கலங்கிவிட்டது. நன்றி சொல்ல வாயெடுத்தாள்.

நோட்டரி அதற்குள் நாற்காலியை நெருக்கிப் போட்டு, மறுபக்கக் கன்னத்தை விரலால் இழுத்துப் பிடித்திருந்தார்.

"இந்தப் பக்கம் எத்தனை பேர் இருக்காங்கன்னு பாருங்கம்மா."