ஊமைக் கோப்பை

1999ஆம் ஆண்டு ஐப்பசி மாதம், ஒரகடத்துக்கு மேற்கே இருந்த பீங்கான் கம்பெனியின் சூப்பர்வைசர் புருஷோத்தமன், காலை ஷிப்டில், விரிசல் விட்ட கோப்பையைப் போல ஒலித்தார். எட்டாம் நாள் வாலாஜாபாத் பஸ் நிறுத்தத்தில், தடுக்குவதற்கு ஒரு கல்கூட இல்லாத இடத்தில் விழுந்து, இடுப்பெலும்பு இரண்டாகப் போனது. அவர் ஒலித்ததைக் கேட்டவள் காந்திமதி. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கணவனோடு பிழைக்க வந்தவள், இரண்டு வருடமாகக் கோப்பை தட்டும் மேசையில் வேலை பார்த்தாள். சூளையிலிருந்து வரும் கோப்பையை விரல் முட்டியால் ஒரு தட்டு. கணீரென்று கேட்டால் பெட்டிக்குப் போகும். மந்தமாகக் கேட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே இருக்கிறது என்று பொருள். அதற்கு லைனில் ஊமை என்று பெயர், அது உடைப்புத் தொட்டிக்குப் போகும். நாளைக்கு நாலாயிரம் கோப்பை. அன்று புருஷோத்தமன் எதையோ காட்டக் கையை நீட்ட, வரிசையில் அடுத்தது அதுதான் என்று அவள் விரல் தட்டிவிட்டது. "ஊமை" என்று வாயும் பழக்கத்தில் சொல்லிவிட்டது. அடுத்த மாதம் கேன்டீன் ரத்தினம் விளையாட்டாகத் தோளைக் காட்டினார்; அவருக்கும் ஊமை, எட்டாம் நாள் குடல்வால் வெடித்தது. அதற்குப் பிறகு யாரும் விளையாடவில்லை.

இதில் ஊர்க்காரர்கள் பெரிதாக வியந்துவிடவில்லை. அந்தப் பக்கத்துக்குப் பீங்கான் வந்ததே அவர்களுக்கு அதைவிடப் பெரிய வியப்பு. கம்பெனி வருவதற்கு முன்பு விவசாய வீடுகளில் பீங்கான் என்றால் ஊறுகாய் ஜாடி மட்டும்தான். பீங்கான் கோப்பை ஒன்று இருந்தால் அது கொல்லைக் கதவுக்கு வெளியே கவிழ்ந்து கிடக்கும், வீட்டுக்குள் சேர்க்காதவர்களுக்குக் காப்பி ஊற்ற. சனிக்கிழமைதோறும் கம்பெனி கேட்டில், செகண்ட்ஸ் என்று ஒதுக்கிய கோணல்மாணல் கோப்பைகளைக் கிலோ கணக்கில் போட ஆரம்பித்ததும், இரண்டே வருடத்தில் எவர்சில்வர் டம்ளர்கள் பரணுக்குப் போயின. உள்ளே இருந்தவர்களும் வெளியே நின்றவர்களும் ஒரே கோணல் கோப்பையில் டீ குடித்தார்கள். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் பழையதையும் பேச வேண்டியிருக்கும். செகண்ட்ஸ் வாங்கப் போனவர்கள் தட்டிப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். பிறகு பூசணிக்காயைத் தட்டினார்கள், வாடகை வீட்டுச் சுவரைத் தட்டினார்கள், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் முதுகைத் தட்டினார்கள். ஆனால் மனிதர்களைப் பொறுத்தவரை காந்திமதியின் காது ஒன்றுதான் தப்பாமல் சொன்னது. 2001இல் கம்பெனி வேலைக்கு ஆள் எடுத்தபோது, வந்தவர்களையும் அவள் மேசைக்கே அனுப்பியது. தென்காசி, கோவில்பட்டிப் பிள்ளைகள் பெட்டியோடு சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து வருவார்கள். அந்த வருடம் பதினோரு பேர் ஊமை என்று ஊருக்குத் திரும்பினார்கள். ஒவ்வொருவர் திரும்பும்போதும் அவளுக்குச் சோறு இறங்காது. தன் வீட்டு ஆட்களைச் செத்தாலும் தட்டுவதில்லை என்று இசக்கியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள்.

2002 ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்று வயது மகள் நாச்சியாருக்குப் புரையேறியது. காந்திமதி பிள்ளையை இடுப்பில் தூக்கி, மார்போடு அணைத்து, முதுகில் தட்டிக்கொடுத்தாள். புரை நின்றது. ஆனால் தட்டிய கை நாலாயிரம் கோப்பை தட்டும் கை. விரல் மடங்கி முட்டி பட்டது, காது கேட்டுவிட்டது. ஊமை. மறுநாளே லீவு போட்டாள். பிள்ளையின் இடுப்பையும் தன் இடுப்பையும் ஒரு சேலையால் முடிந்துகொண்டாள். அடுப்பு பற்றவைக்கவில்லை, குளிக்க வைக்கவில்லை, திராட்சைப் பழத்தைக்கூட நாலாகக் கீறித்தான் கொடுத்தாள். பேக்கிங்கில் கோப்பைக்கு இடையில் திணிக்கும் வைக்கோலை மூட்டை மூட்டையாக வாங்கிவந்து அறை முழுவதும் முழங்கால் உயரத்துக்குப் பரப்பினாள். மறைமலை நகரில் ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனிக்குப் போய்வந்த கணவன் சக்திகுமார், நாலாம் நாள் பொறுமை இழந்தான்.

"ஏட்டி, புள்ளைய என்ன கோழிமுட்டைன்னு நெனச்சியா? வைக்கல்ல பொதிஞ்சு வச்சிருக்க."

"ஒங்களுக்கென்ன, நீங்க கேக்கலைல்லா. நான் கேட்டுட்டேன்."

அதன் பிறகு அவனும் வேலைக்குப் போகவில்லை. வாசலில் உட்கார்ந்து தெருவில் வரும் சைக்கிள்களை முறைத்துக்கொண்டிருந்தான். ஒற்றை அறை வீட்டுக்குள் அடைபட்ட நாச்சியார் மட்டும் வைக்கோலில் புரண்டு, தும்மி, சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கும்போதெல்லாம் தாய்க்கு அழுகை வந்தது.

ஏழாம் நாள் காலை, பக்கத்து மேசைக்காரி பாஞ்சாலி தேடிக்கொண்டு வந்தாள். உள்ளூர்க்காரி, காந்திமதி வயதுதான்.

"இன்னாடி, ஒரு வாரமா ஆளே காணோம்? ஊமையெல்லாம் பெட்டிக்குப் போய்க்கினு கீது." சேலை முடிச்சையும் வைக்கோலையும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். விஷயத்தைக் கேட்டாள். "தட்டும்போது கொயந்தய எங்க வச்சிகினு இருந்த?"

"இடுப்புலதான். இறுக்கிப் பிடிச்சிருந்தேன்."

"அடிப்பாவி! புதுசா வர்ற பொண்ணுங்கள இன்னா சொல்லித் திட்டுவ நீ? கெட்டியா புடிச்சிகினு தட்னா நல்ல கோப்பையும் ஊமையாத்தான் கேக்கும்னு சொல்ல மாட்ட?"

காந்திமதி அப்படியே வைக்கோலில் உட்கார்ந்துவிட்டாள். மகளுக்கு முன்னால் அந்தப் பதினோரு பேரும் நினைவுக்கு வந்தார்கள். ஒருவனின் தோளை அவன் அம்மா பற்றியிருந்தாள், ஒருத்தியின் கையை அப்பா விடவேயில்லை, ஒருவனின் சட்டை நுனியைத் தங்கை சுருட்டிப் பிடித்திருந்தாள். துணைக்கு ஆளில்லாமல் வந்தவர்கள் எல்லோரும் கணீரென்று கேட்டு வேலையில் சேர்ந்திருந்தார்கள்.

பாஞ்சாலி வைக்கோலைக் காலால் ஒதுக்கி சிமெண்ட் தரையில் இடம் பண்ணினாள். சேலை முடிச்சை அவிழ்க்கக் காந்திமதிக்கு வெகு நேரம் ஆனது. சக்திகுமார் மகளின் தலையில் வைத்திருந்த கையை, பாஞ்சாலி அதட்டிய பிறகுதான் எடுத்தான். யார் கையும் படாமல் நாச்சியார் தனியாக நின்றாள். காந்திமதி கண்ணை மூடிக்கொண்டு தட்டினாள்.

கணீரென்ற அந்தச் சத்தம் நிற்கவில்லை. சாலையில் போன லாரிக்காரர்கள் இறங்கி டயரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். சாயங்காலம் வாலாஜாபாத் வரைக்கும் கேட்டது. வீடுகளில் செகண்ட்ஸ் கோப்பைகள் தாமாக அதிர்ந்து பதில் சொல்லின. எட்டாம் நாள் அந்தச் சத்தத்துக்குள்ளேயே வந்து, ஒன்றும் செய்யாமல் போனது. காந்திமதி கம்பெனியில் விலாசம் வாங்கி, பதினோரு பேருக்கும் ஒரே வரியில் கார்டு போட்டாள்: கையைப் பிடித்திருப்பவர்களை வாசலில் விட்டுவிட்டு வரவும், மறுபடி தட்டிப் பார்க்கிறேன். ஆடியில் ஒன்பது பேர் வந்தார்கள். மற்ற இருவரையும் வீட்டில் இன்னும் விடவில்லை என்று பதில் வந்தது.

ஆனால் அந்தச் சத்தம், நாச்சியாரைத் தட்டிய மூன்றாம் நாள் மத்தியானமே ஓய்ந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் நாச்சியார் தெருவில் ஓடி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். காந்திமதி ஓடிப்போய்த் தூக்கவில்லை. பிள்ளை தானாக எழுந்து வரும் வரைக்கும், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.