பாக்கெட் மாத்திரை

விடுதிச் சலவைக்கூடத்தில் துணியை இயந்திரத்தில் போடுமுன் பாக்கெட்டைத் துழாவியாக வேண்டும். ஒரு பேனா உள்ளே போனால் நாற்பது சட்டை நீலமாகிவிடும், பழி அங்கே துவைக்கும் அம்மாவின் தலையில்தான் விடியும். பன்னிரண்டு வருஷமாக அவள் விரல்கள் தூக்கத்திலும் அதையே செய்கின்றன. கூடமெங்கும் நீராவி மிதக்கும். சுற்றுகிற துணியையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் சொக்கிவிடும். எதிர்க் கட்டடத்தின் மாடி வகுப்பில் மகள் ஏதோ மேகத்தில் உட்கார்ந்து படிப்பது போலத் தோன்றும். ஆமாம், அந்த விடுதி இருக்கும் பல்கலைக்கழகத்தில்தான் அவள் மகளும் படிக்கிறாள். அதை நினைத்தாலே மனசு குளிர்ந்துவிடும்.

முதல் பருவத்தில் மகள் இரண்டு பாடத்தில் கோட்டை விட்டாள். இன்னொரு முறை தவறினால் படிப்பு நின்றுவிடும் என்று கடிதம் வந்தது. மகள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

"மண்டையில ஏறவே மாட்டேங்குதும்மா. மத்தவங்க எல்லாம் எப்படித்தான் படிக்கிறாங்களோ!"

எப்படி என்று அம்மாவுக்குத் தெரியாதா? பரீட்சை வந்தால் போதும், பாக்கெட்டுக்குப் பாக்கெட் வெள்ளை மாத்திரை அட்டை. துவைத்த துணியை வாங்க வந்த மாணவன் ஒருவனிடம் கேட்டுவிட்டாள்.

"சத்து மாத்திரை மாதிரிதான்கா. ஒண்ணு போட்டா பாடம் கிடுகிடுன்னு ஏறும்" என்று சிரித்தான்.

படித்த பிள்ளை பொய்யா சொல்லும்? அதுவரை குப்பையில் போட்டதை அன்றிலிருந்து பவுடர் டப்பாவில் சேர்த்தாள். பாலை ஆற்றி, மாத்திரையைத் தன் கையாலேயே மகளுக்குக் கொடுத்தாள்.

மகள் தேறினாள். வகுப்பிலேயே ஆறாவது! அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் ஒன்று இரண்டாகி, இரண்டு நாலானது. சாப்பாடு குறைந்தது, தூக்கம் போனது. விடுமுறை வந்து பாக்கெட்டுகள் காலியானதும் மகள் டப்பாவைச் சுவரில் விட்டெறிந்தாள்.

"ஒண்ணுகூடவா கிடைக்கல? நீ வேணும்னே ஒளிச்சு வெச்சிருக்க!"

அம்மா காலி அட்டையை எடுத்துக்கொண்டு பல்கலைக்கழக மருத்துவ அறைக்கு ஓடினாள். சத்து மாத்திரை என்று அவள் நீட்டியதை நர்ஸ் புரட்டிப் பார்த்தாள்.

"ஐயையோ, இதுவா சத்து மாத்திரை? பழகிட்டா லேசுல விடாதும்மா. முதல்ல யாரு குடுத்தா?"

அம்மா அட்டையைத் திரும்ப வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"டாக்டரைப் பாக்க மூணு மாசம் கழிச்சுத்தான் தேதி இருக்கு. எழுதிக்கவா?" என்றாள் நர்ஸ்.

விடுமுறை முடிந்து விடுதி திறந்தது. முதல் நாள் காலையில் அம்மா தள்ளுவண்டியோடு கூடத்துக்குள் நுழைந்தாள். நீராவி மூட்டத்துக்குள் யாரோ மண்டியிட்டிருந்தார்கள். மகள்தான். சட்டைப் பை, வலப்பக்கம், இடப்பக்கம், பின்பக்கம் என்று அம்மாவின் வரிசையிலேயே துழாவி, ஒவ்வொரு துணியாக ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, வகுப்புக்கு நேரமாச்சுடா."

மகள் நிமிரவில்லை. "நீ அந்த மூட்டையப் பாரும்மா. சீக்கிரம்."

அம்மா தள்ளுவண்டி மூட்டையிலிருந்து ஒரு சட்டையை உருவினாள். கையில் இருந்த சட்டையின் பாக்கெட்டுக்குள் அவள் விரல்கள் ஏற்கெனவே போயிருந்தன.