கனகவல்லி வீட்டு ஊதுபத்தி

மெஷினில்தான் கோளாறு என்று நான் சாதித்துக்கொண்டிருந்தேன். என் கணவர் சுந்தர்சிங்கின் நுரையீரல் தழும்பேறிச் சுருங்குகிறது, இனி சரியாகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டர்கள் ஆயிரம் சொல்வார்கள். ஆக்சிஜன் மெஷின் வாடகைக்கு வந்தபிறகும் அவருக்கு மூச்சு வாங்குகிறது என்றால், அந்த டப்பா வெறும் காற்றைத்தான் ஊதுகிறது. நல்ல மெஷின் வந்தால் மனுஷன் எழுந்து உட்காருவார்.

மெஷினை வாடகைக்கு விட்ட ஜாய்சனைப் போனில் பிடித்துத் திட்டினேன்.

“மேடம், மெஷின் நல்லா ஓடிக்கினு கீது. சும்மா பேஜார் பண்ணாதீங்க.”

யாரிடம் சொல்கிறான்? குரோம்பேட்டையில் ஒன்பதாம் வகுப்புக்கு வேதியியல் எடுப்பவள் நான். தணல் மட்டும் இருக்கும் குச்சியை ஆக்சிஜனுக்குள் விட்டால் குப்பென்று எரியும். வெறும் காற்றில் எரியாது. பள்ளியில் அதற்கு ஊதுபத்திதான் வைத்திருக்கிறோம். ஆனால் எங்கள் சர்ச்சுக்காரர்கள் வீட்டில் ஊதுபத்தி ஏது? பக்கத்து வீட்டுக் கனகவல்லியிடம் போய்க் கேட்டேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

“ஊதுபத்தியா? அக்கா, சாருக்கு...”

“அவருக்கு ஒண்ணுமில்ல. மெஷினுக்குத்தான்.”

ஒன்றும் புரியாமலே எடுத்துக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து குழாயை அவர் மூக்கிலிருந்து எடுத்தபோது, “சீக்கிரம், மிஸ்” என்றார். கல்யாணமான நாள்முதல் அவருக்கு நான் மிஸ்தான். காலி ஊறுகாய் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, வாளித் தண்ணீரில் கவிழ்த்து, குழாயில் வரும் வாயுவை அதில் பிடித்து மூடினேன். குழாயை மறுபடி அவருக்கு மாட்டிவிட்டு, பாட்டிலுடன் அடுப்படிக்குப் போனேன். எரியக் கூடாது ஆண்டவரே என்று வாய்விட்டே ஜெபித்தேன். ஒரு வேதியியல் டீச்சர் செய்யக்கூடிய ஜெபமா அது?

ஊதுபத்தியைக் கொளுத்தி, ஊதி அணைத்து, தணலை உள்ளே விட்டேன். குப்பென்று எரிந்தது. வகுப்பில் என்றால் பிள்ளைகள் கைதட்டியிருப்பார்கள். அணைத்துவிட்டு மறுபடி விட்டேன். மறுபடியும் எரிந்தது.

“எரிஞ்சுதா மிஸ்?” படுக்கையிலிருந்து கேட்டார். மெஷின் கெட்டிருக்க வேண்டும் என்று அவரும்தான் ஆசைப்பட்டிருக்கிறார்.

“எரிஞ்சுது.”



“அப்போ அந்தத் தம்பிக்கு ஒரு போன் போடு. பாவம், அவனைப் போய்த் திட்டிட்ட.”

போட்டேன். நான் வாய் திறக்குமுன் ஜாய்சன் முந்திக்கொண்டான்.

“சரி மேடம், உங்களுக்குத் திருப்தியில்லன்னா வேற மெஷின் எடுத்துகினு வரேன்.”

“வேணாம்பா. மெஷின் நல்லா இருக்கு” என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.