தற்போதைய நிலவரப்படி

மூதூர் மஹ்ரூப் ஹாஜியார் வியாழக்கிழமை காலை பத்தே காலுக்குக் காலமானார். காலமாக்கியவன் முனீப்.

ஹாஜியாருக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த நேரம் அவர் திருகோணமலை ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருந்து, சீனி போடாத தேத்தண்ணியைக் குறை சொல்லிச் சொல்லிக் குடித்துக்கொண்டிருந்தார். நெஞ்சுவலி என்று கூட்டிவந்தார்கள். பார்த்தால் வாய்வு.

முனீப் பாராளுமன்ற உறுப்பினர் பாயிஸின் ஊடகச் செயலாளர். பதினொரு வருஷமாக. அவனுடைய கணினியில் ‘தயார் நிலை’ என்று ஒரு கோப்பு இருந்தது. மாவட்டத்தில் சுகமில்லாமல் கிடக்கும் முக்கியஸ்தர்கள் பதினாலு பேருக்கு முன்கூட்டியே எழுதி வைத்த அனுதாபச் செய்திகள் அதற்குள். ஈவிரக்கம் இல்லாதவன் என்று நினைக்கவேண்டாம், தொழில் அப்படி. ஜனாஸா என்றால் பெரும்பாலும் அன்றைக்கே அடக்கம். யாருடைய அனுதாபம் முகநூலில் முதலில் வந்தது என்பதை மௌத்து வீட்டுக்காரர் அடுத்த தேர்தல் வரைக்கும் ஞாபகம் வைத்திருப்பார்கள். மற்றக் கட்சி உறுப்பினருக்கு எழுதும் பிரசாந்தன் போன முறை மூன்று நிமிஷம் முந்திவிட்டான். அந்த மூன்று நிமிஷத்துக்கு முனீப் மூன்று கிழமை ஏச்சு வாங்கினான்.

ஆகவே ஹாஜியாரைச் சேர்த்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றான். உள்ளே போய் ஒரு தாதி மிஸ்ஸிடம் கேட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். அதற்குள் பிரசாந்தன் வெளியே வந்தான். தலை குனிந்து, ஒரு கையால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு, மற்றக் கையால் போனில் அவசரமாக எதையோ தட்டிக்கொண்டு வந்தான். முனீப் அதைத் துக்கம் என்று முடிவுகட்டினான். அது கடைவாய்ப் பல். பிடுங்கின கையோடு, கஞ்சி வைக்கச் சொல்லி மனைவிக்கு அனுப்பிக்கொண்டிருந்தான் மனுஷன். இந்தமுறை விடுவதில்லை என்று முனீப் தன் போனில் ஹாஜியாரின் அனுதாபச் செய்தியை அழுத்திவிட்டான்.

நாலு நிமிஷத்தில் பிரசாந்தனும், முனீப்பின் பதிவைப் பார்த்துப் பதறி, விசாரிக்காமலே தன்னுடைய உறுப்பினரின் அனுதாபத்தைப் போட்டான். ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் ஒரே விஷயத்தைச் சொன்னால் சனம் நம்பாமல் என்ன செய்யும்? தோப்பூரில் இருந்து மருமக்கள் வாடகை வான் பிடித்து வெளிக்கிட்டார்கள். வீட்டு நம்பர் கிடைக்காத ஒருத்தர் ஹாஜியாரின் போனுக்கே எடுத்து, “மாமாவ எத்தின மணிக்கு அடக்குற?” என்று கேட்டார்.

“தேத்தண்ணிய முடிச்சிட்டுச் சொல்றன்,” என்றார் மாமா.

முனீப் அவசரமாகத் திருத்தம் எழுதினான். பதினொரு வருஷப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. “ஹாஜியார் காலமானதாக வெளியான தகவல் தற்போதைய நிலவரப்படி சரியானதல்ல” என்று போட்டான். மௌத்துச் செய்தியைக் குடும்பம் பொறுத்துக்கொண்டது. இந்தத் ‘தற்போதைய நிலவரப்படி’யைப் பொறுத்துக்கொள்ளவில்லை.

பின்னேரம் உட்துறைமுக வீதி அலுவலகத்தில் பாயிஸுக்கு முன்னால் போய் நின்றான்.

“சேர், பிழை என்ட பக்கம்தான். நான் வேலையில இரிக்கிறனா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க.”

பாயிஸ் யன்னலால் கடலைப் பார்த்தார். “முனீப், இந்த விடயம் தொடர்பில நாங்க கூடிய கவனம் செலுத்தியிரிக்கிறம்.”

அந்த வசனம் முனீப் எழுதியது. பாயிஸ் ஹாட்வெயார் கடை வைத்திருந்த காலத்தில் வாயில் இருந்தது இரண்டே சொல்: ஓம், ஏலாது. முதல் தேர்தலில் இலங்கைத்துறையில் மீனவர் இறங்குதுறை கேட்டபோது மேடையில் நின்று, “ஏலாது, அதுக்கு வழியில்ல” என்றார். கூட்டம் கலைந்து போய்விட்டது. நேராகப் பேசும் அந்த வருத்தத்தைச் சுகப்படுத்தத்தான் முனீப்பை வேலைக்கு எடுத்தார்கள். மாதக்கணக்காகப் பயிற்சி கொடுத்தான். சுகப்படுத்தியும் விட்டான். அதைத்தான் இப்போது தன் தலையிலேயே அனுபவித்துக்கொண்டிருந்தான்.

“அப்ப நாளைக்கு நான் வரட்டா, வேணாமா சேர்?”

“சகல தரப்போடயும் கலந்து பேசித்தான் இதில ஒரு முடிவுக்கு வரணும்.”

அதுவும் அவனுடையதுதான். தோப்பூர்க் கமக்காரர் வயலுக்குத் தண்ணி கேட்டபோது எழுதிக் கொடுத்தது.

வெள்ளிக்கிழமை போன் எடுத்தால் அலுவலகத்து ரிஸ்லா, “சேர் கூட்டத்தில” என்றாள். சனிக்கிழமையும் கூட்டத்தில். முகநூல் கடவுச்சொல் வேலை செய்யவில்லை. கேட்டால், “அது பாதுகாப்புக்காக எல்லாருக்கும் மாத்தின, முனீப் நானா” என்றாள். அலுவலகத்தில் முகநூலுக்குள் போகும் ‘எல்லாரும்’ முனீப் ஒருத்தன்தான்.

வீட்டில் மனைவி றிஷானா, மகள் அப்ராவின் பள்ளிக்கூடப் படிவத்தோடு குசினி மேசையில் இருந்தாள். திங்கள் காலை கொடுத்தாக வேண்டும். எல்லாக் கட்டமும் நிரப்பியிருந்தது, ஒன்றைத் தவிர.

“தகப்பன்ட தொழில் என்னென்டு எழுதட்டும்?”

“அது சம்பந்தமா உரிய நேரத்தில…” என்று தொடங்கி, மனைவியின் முகத்தைப் பார்த்து முனீப் வாயை மூடினான்.

“உங்கட சேர்ட பாஷைய வீட்ட கொண்டு வராதீங்க,” என்றாள் றிஷானா. “அந்த ஹாஜியாருக்கிட்ட நேரில போய் மாப்புக் கேட்டீங்களா? முதல்ல அதச் செய்ங்க.”

ஞாயிறு காலை மோட்டார் சைக்கிளை எடுத்தான். கிண்ணியாப் பாலத்தில் நிறுத்திப் பாயிஸுக்குப் போன் எடுத்தான். மணி போனது, ஆள் இல்லை. கங்கைப் பாலத்தில் திரும்பவும் எடுத்தான். மணி போகவே இல்லை. மூதூர் வரும்வரைக்கும் தலைக்கவசத்துக்குள் தன்னைத்தானே ஏசிக்கொண்டு வந்தான். அதற்கு மட்டும் வசனம் எழுதிப் பழகத் தேவைப்படவில்லை.

கதவைத் திறந்தது ஹாஜியாரின் மனைவி றுக்கியா. ஆளைக் கண்டதும் முகம் இறுகியது.

“மௌத்தான ஆள் உள்ளுக்குச் சாப்பிடுறார். இரிங்க,” என்றாள்.

ஹாஜியார் முன் அறைக் கதிரையில் இருந்து இடியப்பத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். எழுபத்திநாலு வயதிலும் தோள் இறங்காத ஆள். மீனவர் சங்கத்துக்கு இருபது வருஷம் தலைவர். பக்கத்தில் யாரோ அச்செடுத்துக் கொடுத்த அனுதாபச் செய்தி கிடந்தது, மடிப்பில் சொதிக் கறையோடு. முனீப் மாப்புக் கேட்டான். மூச்சு விடாமல் கேட்டான். ஹாஜியார் கையைக் கழுவி, கண்ணாடியைப் போட்டு, கடதாசியை எடுத்தார்.

“‘சமூகத்தின் ஒளிவிளக்கு அணைந்தது.’ இது எனக்கென்டு எழுதினதா மகன், இல்லாட்டி எல்லாருக்கும் போடுறதா?”

“ஹாஜியார், அது உங்கட நீண்டகால சேவைகளக் கருத்தில…” முனீப் நிறுத்தினான். தன் வாயைக் கேட்க அவனுக்கே அலுத்துப் போயிருந்தது. “எல்லாருக்கும் போடுறதுதான். பேரையும் ஊரையும் மாத்துவன். போன மாசமும் ஒரு விளக்கு அணைஞ்சது.”

குசினிப் பக்கம் றுக்கியா சிரித்தது கேட்டது. ஹாஜியார் சிரிக்கவில்லை.

“ரெண்டாவது பந்தி?”

“அது உங்களுக்கு மட்டும் எழுதின.”

கரைவலை இறக்கும் கடற்கரையை அடைக்க வேலிக்கட்டைகளோடு வந்தவர்களுக்கு முன்னால், ஒரு பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டு, யாரையும் ஏசாமல், மூன்று நாள் வெயிலில் இருந்தவர் என்று அந்தப் பந்தியில் இருந்தது. அன்றைக்குப் பாயிஸின் அறிக்கையைப் படித்துக் காட்டப் போன முனீப், அதைப் படிக்க வெட்கப்பட்டு, சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பி வந்தவன்.

“மூணு நாள் இல்ல, நாலு,” என்றார் ஹாஜியார். கடதாசியை மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தார். “அடுத்த முறை சரியாப் போடுங்க. றுக்கியா, இவருக்கும் சாப்பிட ஒரு கோப்பை வை.”

கோப்பை வந்தது. முனீப் அதைத் தொடுமுன் கேட்டான்.

“பாயிஸ் சேர் உங்களோட கதைச்சவரா?”

“ஓம். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிய எடுத்தவர்.”

“என்னப் பத்தி ஏதும் சொன்னவரா? மகள்ட பள்ளிக்கூடப் படிவத்தில என்ட தொழில் எழுதணும் ஹாஜியார். நாலு நாளாக் கேக்கிறன், ஒருத்தரும் சொல்றாங்க இல்ல.”

ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றினார். இடியப்பத் தட்டை அவன் பக்கம் தள்ளினார்.

“உங்கள வேலையால நிப்பாட்டியாச்சு மகன். வியாழக்கிழமையே. அத உங்களுக்கு அறிவிக்க ஒரு கடிதம் எழுதணுமாம், அங்க எழுதத் தெரிஞ்ச ஆள் இல்லயாம், அதான் இழுபடுது. சாப்பிடுங்க.”